பச்சை மெத்தனால்: மொரிஷியஸிடம் கார்பன் இருக்கிறது, மின்சாரம்தான் இல்லை

2023 கடைசியில் செங்கடல் வழி ஆபத்தாகிப் போனதும், ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே ஓடும் பெரிய கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. மொரிஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்ப நிற்கும் கப்பல்களும் கூடின. இங்கே நிரப்புவது கந்தகம் குறைந்த கப்பல் எண்ணெயும் டீசலும்தான். ஆனால் கப்பல் கட்டும் தளங்களிலிருந்து புதிதாக இறங்கும் கப்பல்களில் ஒரு பகுதி, எண்ணெயோடு மெத்தனாலையும் எரிக்கக்கூடிய இரட்டை எரிபொருள் எஞ்சினோடு வருகிறது. 2015-இல் ஸ்டெனா ஜெர்மானிகா என்ற பயணிகள் கப்பலை மெத்தனாலுக்கு மாற்றினார்கள். 2023-இல் லாரா மேர்ஸ்க், 2,100 சரக்குப் பெட்டி (கன்டெய்னர்) ஏற்றும் சின்னக் கப்பல். 2024-இல் ஆனே மேர்ஸ்க், 16,000 பெட்டி. இப்படிப்பட்ட கப்பல் ஒன்று நம் துறைமுகத்தைக் கூப்பிட்டு, "மெத்தனால் கிடைக்குமா?" என்று கேட்கும் நாள் வெகு தொலைவில் இல்லை.

அப்போது தீவில் ஒரு பேச்சு எழும். நம்மிடம் கரும்பு இருக்கிறது, சக்கை இருக்கிறது, வெயிலும் காற்றும் இருக்கின்றன, நாமே செய்துவிடலாமே என்று. இதில் பாதி உண்மை. மற்றப் பாதியைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இறங்கினால், பச்சை என்ற பெயரில் எண்ணெயைவிட அதிகமாகப் புகையைக் கிளப்பும் ஆலை ஒன்றைக் கட்டிவிடுவோம். துறைமுகத்திலும் சர்க்கரை ஆலையிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கும், எஞ்சின் அறை வேலையாக இங்கே வந்து போகும் தமிழ் மாலுமிகளுக்கும் இந்தக் கணக்கு தமிழில் இருக்க வேண்டும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு டன்னுக்கு என்ன செலவாகும்

மெத்தனால் எதிலிருந்து வந்தாலும் அதே மூலக்கூறுதான். இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ செய்தாலும், கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் சேர்த்துச் செய்தாலும், எஞ்சினுக்கு வித்தியாசம் தெரியாது. உலகில் ஆண்டுக்குத் தயாராவது 10 கோடி டன்னுக்கு மேல். அதில் மிகப் பெரும்பகுதி எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவது. புதுப்பிக்கத்தக்க வழியில் வருவது ஒரு சதவீதம்கூட இல்லை. எரிவாயு மெத்தனாலைக் கிணற்றிலிருந்து கப்பலின் புகைபோக்கி வரை கணக்கிட்டால், ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 100 கிராம் கரியமில வாயுவுக்கு அருகில் வரும். சாதாரணக் கப்பல் எண்ணெய்க்கு 91 கிராம் அளவுதான். ஆக, "மெத்தனாலில் ஓடும் கப்பல்" என்பது மட்டுமே ஒரு நற்சான்று ஆகாது.

புதுப்பிக்கத்தக்க மெத்தனாலில் இரண்டு வகை. மரக்கழிவு, சக்கை போன்றவற்றை வாயுவாக்கிச் செய்வது பயோ-மெத்தனால். மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து எடுத்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்துச் செய்வது இ-மெத்தனால்.

இ-மெத்தனாலின் சமன்பாடு எளிது: ஒரு பங்கு கரியமில வாயு, மூன்று பங்கு ஹைட்ரஜன், கிடைப்பது ஒரு பங்கு மெத்தனால், ஒரு பங்கு தண்ணீர். எடையில் சொன்னால், ஒரு டன் மெத்தனாலுக்கு 1.37 டன் கரியமில வாயுவும் 189 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும், கூடவே 0.56 டன் தண்ணீர் வெளியே வரும். ஆலையில் கொஞ்சம் வாயு கழிவாகப் போகும், அதனால் நடைமுறைக்கு 1.4 டன், 190 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு, தண்ணீரைப் பிளக்கும் மின்பகுப்பான் 50 முதல் 55 யூனிட் மின்சாரம் எடுக்கும். கம்ப்ரஸர், காய்ச்சி வடிக்கும் கோபுரம், பம்புகள் எல்லாம் சேர்த்தால் ஒரு டன் மெத்தனாலுக்கு ஏறத்தாழ 10.5 மெகாவாட் மணி. அந்த ஒரு டன்னில் அடங்கியிருக்கும் ஆற்றல் 19.9 கிகாஜூல், அதாவது 5.5 மெகாவாட் மணி. போட்டதில் பாதிதான் திரும்பக் கிடைக்கிறது. ஆகவே எந்த மின்சாரத்தைப் போடுகிறோம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

ஐரோப்பிய விதிப்படி இ-மெத்தனால் பச்சை எரிபொருளாகத் தகுதி பெற, புதைபடிவ எரிபொருளுக்கு வைத்திருக்கும் 94 கிராமிலிருந்து 70 சதவீதம் குறைந்திருக்க வேண்டும்; அதாவது மெகாஜூலுக்கு 28.2 கிராமுக்கு மேல் போகக்கூடாது. ஒரு டன் மெத்தனாலுக்கு அது 561 கிலோ. 10.5 மெகாவாட் மணியால் வகுத்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 53 கிராம். மற்ற எல்லாக் கார்பன் செலவையும் பூஜ்யமாக வைத்தால்கூட, மின்சாரத்தின் கார்பன் இந்த எல்லைக்குள் நிற்க வேண்டும்.

நம் மின்வலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இன்னும் நிலக்கரியும் கனரக எண்ணெயும்தான். யூனிட்டுக்கு 700 கிராம் என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு டன் மெத்தனாலுக்கு 7 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியாகும். அதே ஆற்றலுக்குக் கப்பல் எண்ணெயை எரித்தால் வெளியாவது 1.8 டன். நான்கு மடங்கு மோசம்! 60 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற அரசின் இலக்கு நிறைவேறினாலும், மீதி 40 சதவீதம் எண்ணெயாக இருக்கும் வரை 53 கிராமுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. மின்வலையிலிருந்து கம்பி இழுத்து இங்கே இ-மெத்தனால் செய்யும் திட்டம் யார் கொண்டுவந்தாலும், இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தனியாகச் சூரியப் பண்ணை போட்டால்? ஆண்டுக்கு 10,000 டன் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு 105 கிகாவாட் மணி வேண்டும். இங்கே ஒரு மெகாவாட் சூரியத் தகடு ஆண்டுக்குத் தருவது 1,500 மெகாவாட் மணி அளவு என்றால், 70 மெகாவாட் தகடு, அதற்கு 70 முதல் 80 ஹெக்டேர் நிலம். கரும்பு நட ஆளில்லாமல் கைவிட்ட நிலங்களைப் பார்த்தால் முடியாத காரியம் அல்ல. ஆனால் லாரா மேர்ஸ்க் என்ற அந்தச் சின்னக் கப்பல் ஒன்றுக்கே ஓர் ஆண்டுக்கு வேண்டியது ஏறத்தாழ 10,000 டன். அத்தனை நிலமும் ஒரே ஒரு சின்னக் கப்பலுக்கு. அந்த 70 மெகாவாட்டை நேராக மின்வலையில் விட்டு நிலக்கரியை அணைத்தால் கிடைக்கும் பலன் இதைவிடப் பல மடங்கு. நிலக்கரி எரியும் வரை, புதிதாக வரும் ஒவ்வொரு யூனிட்டும் முதலில் தீவின் மின்வலைக்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தண்ணீரைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மின்பகுப்பானுக்கு ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் சுத்த நீர். 10,000 டன் ஆலைக்கு ஆண்டுக்கு 17,000 கன மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் அடியில் திரும்பி வரும். குளிரூட்டத்துக்குக் கூடுதல் வேண்டும், அதைக் காற்றுக் குளிரூட்டியாகப் போட்டுவிடலாம். வறட்சி ஆண்டுகளில் மார் ஓ வாக்கோவாஸ் நீர்த்தேக்கத்தைப் பார்த்துப் பயப்படும் நமக்கு, இது பயப்படவேண்டிய அளவே அல்ல.

சக்கையா, சாராய ஆலையா

கார்பன் விஷயத்தில் நாம் உண்மையிலேயே வசதியானவர்கள். ஒம்னிகேன், அல்டியோ, டெரா என மூன்று சர்க்கரை ஆலைகள் மிச்சம் இருக்கின்றன. மூன்றிலும் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். சக்கையை எரிக்காமல் வாயுவாக்கி மெத்தனால் செய்தால் என்ன என்பது அடுத்த கேள்வி.

காய்ந்த சக்கை ஒரு டன்னிலிருந்து 0.4 முதல் 0.5 டன் மெத்தனால் எடுக்கலாம். அது கப்பலில் எண்ணெயை மாற்றினால் மிச்சமாவது 0.8 டன் அளவு கரியமில வாயு. அதே சக்கையை இன்றுபோல் உயர் அழுத்தப் பாய்லரில் எரித்து நிலக்கரி மின்சாரத்தை மாற்றினால் மிச்சமாவது ஏறத்தாழ 1 டன். ஆக, நிலக்கரி இருக்கும் வரை சக்கை இருக்குமிடத்திலேயே இருக்கட்டும். வாயுவாக்குவதில் வேறு தொல்லைகளும் உண்டு. ஆலையிலிருந்து வரும் சக்கையில் பாதி எடை ஈரம். அதை 15 சதவீதத்துக்கு உலர்த்த வேண்டும். பஞ்சு மாதிரி லேசாக இருப்பதால் ஊட்டும் தொட்டியில் வளைவுபோல் அடைத்துக்கொண்டு கீழே இறங்காது. சாம்பலில் பொட்டாசியம் அதிகம். அது வாயுவாக்கிக்குள் கொதிப்பதுபோல் கிளறப்படும் மணல் படுகையோடு உருகி ஒட்டிக் கட்டி தட்டிவிடும், அதன்பின் படுகை கொதிக்காது, வாயுவாக்கியை நிறுத்திக் குத்தித்தான் எடுக்க வேண்டும். தார் இன்னொரு பக்கம் குழாய்களை அடைக்கும்.

பாய்லர் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிப்பதிலும் ஒரு சிக்கல். அறுவடைக் காலத்தில், ஜூனிலிருந்து டிசம்பர் வரை, அந்தப் பாய்லர்களில் எரிவது சக்கை. மற்ற மாதங்களில் அதே பாய்லரில் நிலக்கரி. சக்கைப் புகையின் கார்பன் கணக்கில் தகுதி பெறும். நிலக்கரிப் புகையின் கார்பனை ஐரோப்பிய விதி, கார்பன் விலை விதிக்கும் நாடுகளிலிருந்து மட்டும், அதுவும் மின்நிலையப் புகை என்றால் 2035 வரை மட்டுமே ஏற்கும். ஒரே புகைபோக்கி, மாதத்துக்கு ஒரு தகுதி. தவிர, புகையில் கரியமில வாயு 12 முதல் 14 சதவீதம்தான். அமீன் கரைசலில் பிடித்து விடுவிக்க ஒரு டன்னுக்கு 3 முதல் 3.5 கிகாஜூல் நீராவி வேண்டும். புகையில் இருக்கும் ஆக்சிஜனும் நுண்சாம்பலும் அமீனைக் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

எனக்குப் பிடித்த இடம், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து எத்தனால் காய்ச்சும் ஆலையின் நொதிப்பான். அங்கே மூடியின் கீழிருந்து வருவது கிட்டத்தட்ட சுத்தமான கரியமில வாயு. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு முக்கால் கிலோ. 10,000 டன் மெத்தனாலுக்கு வேண்டிய 14,000 டன்னுக்கு, 1.87 கோடி லிட்டர் எத்தனால் காய்ச்ச வேண்டும். ஆயிரம் டன் அளவில் ஒரு மாதிரி ஆலை என்றால் இன்னும் எளிது. அமீன் வேண்டாம், நீராவி வேண்டாம், கார்பனின் பூர்வீகத்தைப் பற்றிச் சந்தேகமும் வேண்டாம்.

ஆனால் "சுத்தம்" என்பது குளிர்பான ஆலைக்குச் சுத்தம், வினையூக்கிக்கு அல்ல. நொதிப்பு வாயுவில் எத்தனால் ஆவி, அசிட்டால்டிஹைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, டைமெத்தில் சல்ஃபைடு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். மெத்தனால் வினையூக்கி தாமிரம், துத்தநாக ஆக்சைடு, அலுமினா கலந்த குண்டுகள். தாமிரத்துக்குக் கந்தகம் விஷம். உள்ளே போகும் வாயுவில் கந்தகம் கோடியில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். வரிசை இப்படி: முதலில் தண்ணீர்க் கழுவு கோபுரம், அது எத்தனாலையும் ஆல்டிஹைடையும் எடுக்கும். அடுத்து கிளர்வூட்டிய கரி. பிறகு கம்ப்ரஸர், உலர்த்தி. கடைசியில் சூடான துத்தநாக ஆக்சைடு படுகை, அது ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிடிக்கும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். டைமெத்தில் சல்ஃபைடைத் துத்தநாக ஆக்சைடு அப்படியே பிடிக்காது. முன்னால் ஒரு ஹைட்ரஜனேற்றப் படுகையில் கொஞ்சம் ஹைட்ரஜனோடு சேர்த்து அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்ற வேண்டும். அதே படுகை ஆக்சிஜனையும் எரித்துவிடும். ஒவ்வொரு நொதிப்பானும் புதிதாகத் தொடங்கும்போது மேலே தங்கியிருக்கும் காற்று வாயுவோடு வரும்; ஆக்சிஜன் அளவி குறையும் வரை அந்த வாயுவை வெளியே விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டுச் சேகரிப்புக் குழாயில் திறந்துவிட்டால் தாமிரம் ஆக்சைடாகிப் படுத்துவிடும்.

உலையும் புயலும்

உலை 220 முதல் 270 டிகிரி, 50 முதல் 80 பார். வினையில் வெப்பம் வெளியாகும், டன்னுக்கு 1.5 கிகாஜூல், குழாயைச் சுற்றி நீராவி எடுத்து, காய்ச்சி வடிக்கும் கோபுரத்துக்கு அனுப்பிவிடலாம். ஒரு சுற்றில் மாறுவது கொஞ்சம்தான், மாறாத வாயுவைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டும். 280-ஐத் தாண்டினால் தாமிரத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி வேலை செய்யும் பரப்பு குறையும். அதைத் திரும்பப் பெற வழியில்லை. கரியமில வாயுவை நேராகப் போடும் ஆலையில் தண்ணீர் ஆவி அதிகமாக உருவாகும், அதுவும் இந்தக் கெடுதலை வேகப்படுத்தும். எரிவாயு ஆலையின் வினையூக்கி ஆயுளை அப்படியே எடுத்து நிதிக் கணக்கில் போடுவது தவறு.

சூரிய மின்சாரம் பகலில் ஏறி மாலையில் இறங்கும். காரவகை மின்பகுப்பானை 20 முதல் 40 சதவீதத்துக்குக் கீழே இறக்கக்கூடாது. இறக்கினால் ஹைட்ரஜன் சவ்வைத் தாண்டி ஆக்சிஜன் பக்கம் சேரும். 4 சதவீதத்தில் அது வெடிக்கும் கலவை, அதனால் 2 சதவீதத்திலேயே ஆலையைத் தானாக நிறுத்தும்படி வைத்திருப்பார்கள். உலையும் ஏற்ற இறக்கத்தை விரும்பாது. நடுவில் ஹைட்ரஜன் தொட்டி வேண்டும், அல்லது காற்றாலையோ பேட்டரியோ சேர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் செலவு ஏறும்.

நவம்பர் முதல் மே வரை புயல் காலம். இங்கே புயல் எச்சரிக்கை வகுப்பு 1-இலிருந்து 4 வரை ஏறும். வகுப்பு 3 எச்சரிக்கை வந்தபிறகு ஆட்களை வைத்துக்கொண்டு ஆலையை இறக்க முடியாது. வகுப்பு 2-இலேயே வேலையைத் தொடங்க வேண்டும். வாயுச் சுற்றின் அழுத்தத்தை இறக்கி, நைட்ரஜனால் துடைத்து, உலையை நைட்ரஜன் போர்வையில் மூடிவைக்க வேண்டும். ஆக்சிஜன் நீக்கிய (ஒடுக்கப்பட்ட) நிலையில் இருக்கும் தாமிரக் குண்டுகள் காற்றுப் பட்டால் தாமாகவே கனன்று எரியும். புயலில் மின்சாரம் பல நாள் போகலாம், ஆகவே அத்தனை நாளைக்கும் போதுமான நைட்ரஜனைச் சிலிண்டரிலோ திரவத் தொட்டியிலோ இருப்பு வைக்க வேண்டும். மின்சாரத்தில் ஓடும் நைட்ரஜன் பிரிப்பானை மட்டும் நம்பக்கூடாது.

விலை: மின்சாரம் யூனிட்டுக்கு ஒரு அமெரிக்க சென்ட் கூடினால் மெத்தனால் டன்னுக்கு 105 டாலர் கூடும். 6 சென்ட் என்றால் மின்சாரம் மட்டுமே 630 டாலர். கப்பல் எண்ணெய் டன் 600 டாலர் என்று வைத்தால், ஆற்றல் அளவில் அதற்குச் சமமான மெத்தனாலின் விலை 290 டாலர்தான். இந்த இடைவெளியைச் சட்டம் நிரப்பினால்தான் சந்தை. 2024 ஆகஸ்டில் ஸ்வீடனில் ஓர்ஸ்டெட் நிறுவனம் தன் 50,000 டன் ஆலைத் திட்டத்தைக் கட்டுமானத்தின் நடுவிலேயே கைவிட்டது. நீண்டகாலத்துக்கு வாங்க ஆள் கிடைக்கவில்லை. 2025-இல் டென்மார்க்கின் காசோவில் 42,000 டன் ஆலை திறந்தது; அதன் பக்கத்திலேயே 300 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சூரியப் பண்ணை இருக்கிறது, வாங்குபவர்களும் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டவர்கள். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பில் கார்பன் விலைத் திட்டத்தை ஏற்கும் வாக்கெடுப்பு 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிப்போனது. இந்த நிலையில் தயாரிப்பில் பெரும்பணத்தைப் போடுவதைவிட, துறைமுகத்தில் மெத்தனாலைக் கையாளக் கற்றுக்கொள்வதுதான் நமக்கு முதல் வேலை.

டேங்கும் ஜெட்டியும்

மெத்தனால் சாதாரண வெப்பநிலையில் திரவம். அம்மோனியாவையும் திரவ எரிவாயுவையும்விடக் கையாள எளிது. குளிரூட்டிய தொட்டி வேண்டாம். ஆனால் எண்ணெய் டேங்கைக் கழுவி மெத்தனாலை ஊற்றிவிடலாம் என்று நினைத்தால் ஆபத்து.

முதல் காரணம், டேங்குக்குள் திரவத்துக்கு மேலே இருக்கும் காலி இடம். மெத்தனால் ஆவி காற்றில் 6 முதல் 36 சதவீதம் இருந்தால் தீப்பிடிக்கும். 20 டிகிரியில் மூடிய டேங்கில் ஆவி தானாக 13 சதவீதத்தில் நிற்கும், 35 டிகிரியில் 28 சதவீதத்தில். அதாவது நம் தட்பவெப்பத்தில் வருடம் முழுவதும், இரவும் பகலும், அது எரியும் எல்லைக்குள்ளேயேதான் இருக்கிறது. பெட்ரோல் டேங்கில் ஆவி மிகையாகி எரியும் எல்லையைத் தாண்டிவிடும். இங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் நைட்ரஜன் போர்வை கட்டாயம். உள்மிதவைக் கூரை (திரவத்தின் மேல் மிதக்கும் மூடி) இருந்தாலும் நைட்ரஜன் வேண்டும்.

இரண்டாவது, கடல் உப்பு. வணிகத் தர மெத்தனாலில் தண்ணீர் 0.1 சதவீதம் வரை இருக்கலாம். குளோரைடு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. 1,000 டன் டேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீர் ஒரு டன் கலந்தாலும் தரத்துக்குள் நிற்கும். கடல்நீர் என்றால், ஒரு லிட்டரில் 19 கிராம் குளோரைடு. 26 லிட்டரிலேயே எல்லை முடிந்தது. இரண்டு வாளித் தண்ணீர் ஆயிரம் டன்னைத் தரம் இழக்கச் செய்யும். அலை தெறிக்கும் ஜெட்டியில் (கப்பல் அணையும் மேடையில்) மூடாமல் கிடக்கும் ஹோஸ் வாய், உப்புக் காற்றை இழுக்கும் சுவாச வால்வு, கடல்நீரில் அழுத்தச் சோதனை செய்துவிட்டு நன்றாகக் கழுவாத குழாய், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். குளோரைடு சேர்ந்தால் துருப்பிடிக்காத எஃகிலும் குழிகள் விழும். ஹோஸின் இரு முனையையும் மூடியிட்டு வைப்பது, சுவாச வால்வை நைட்ரஜனோடு இணைப்பது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் மாதிரி எடுத்துக் குளோரைடு பார்ப்பது, இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை.

பொருள்களில், அலுமினியம், துத்தநாகம், ஈயம் ஆகியவற்றை மெத்தனால் அரிக்கும்; பித்தளைப் பொருத்துகளையும் தவிர்ப்பது நல்லது. கார்பன் எஃகு டேங்குக்கு உள்ளே துத்தநாக சிலிகேட் பூச்சு பழக்கத்தில் உள்ளது. சாதாரண எபாக்ஸி உப்பி உரிந்துவிடும். எண்ணெய்க்குப் போடும் விட்டான் கேஸ்கெட் பல ரகங்களில் மெத்தனால் பட்டு வீங்கும், டெஃப்லான் நம்பகமானது. பம்புக்கு மசகு குறைவு என்பதால் எண்ணெய் பம்பின் சீல் சீக்கிரம் தேயும்.

மூன்றாவது தீ. மெத்தனால் எரியும் சுடர் வெளிர்நீலம், புகையில்லை. நண்பகல் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. காற்று நெளிவதைப் பார்த்துத்தான் சந்தேகிக்க வேண்டும். ஜெட்டியில் அகச்சிவப்புக் கேமராவும், தரைமட்டத்துக்குச் சற்று மேலே ஆவி உணரிகளும் வேண்டும். எண்ணெய்த் தீக்கு வைத்திருக்கும் சாதாரண நுரையை மெத்தனால் கரைத்துவிடும். ஆல்கஹால் தாங்கும் நுரையை இருப்பு வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றலாம், கலந்துவிடும். ஆனால் நான்கில் மூன்று பங்கு தண்ணீரான கலவைகூட இன்னும் தீப்பிடிக்கும். தடுப்புச் சுவருக்குள் அத்தனை தண்ணீருக்கும் இடம் வைக்காவிட்டால், எரியும் கலவை வழிந்து வடிகாலில் ஓடும்.

அளவையும் மறக்க வேண்டாம். அதே ஆற்றலுக்கு மெத்தனால் எண்ணெயைப்போல் 2.5 மடங்கு இடம் எடுக்கும். நிரப்பும் நேரமும் அந்த அளவு நீளும், இல்லாவிட்டால் ஹோஸ் பெரிதாக வேண்டும். தொடக்கத்துக்கு லாரியிலிருந்து கப்பலுக்கு நிரப்பும் முறை போதும்: இழுத்தால் தானாக மூடிக்கொண்டு பிரியும் கப்ளிங், ஆவியைத் திரும்ப எடுக்கும் குழாய், கப்பலும் கரையும் ஒரே பொத்தானில் நிற்கும் அவசர நிறுத்தம், நிரப்பி முடித்ததும் ஹோஸை நைட்ரஜனால் துடைப்பது.

சிந்தினால் என்ன ஆகும் என்பதை நம் தீவில் விளக்கத் தேவையில்லாதபடி 2020 விளக்கிவிட்டது. ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் புவாந்த் தெஸ்னி பாறைத்திட்டில் ஏறியது. ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் காயலில் கலந்தது. மக்கள் கரும்புத் தோகையைத் துணியில் அடைத்துத் தடுப்பு செய்து மிதக்கவிட்டார்கள். அதே இடத்தில் மெத்தனால் கொட்டியிருந்தால் தண்ணீரோடு முழுதும் கலந்திருக்கும். தோகைத் தடுப்பு எதையும் நிறுத்தியிருக்காது, நிறுத்தவேண்டிய படலமும் இருந்திருக்காது. மீனைக் கொல்ல லிட்டருக்குப் பதினைந்து கிராமுக்கு மேல் வேண்டும்; நுண்ணுயிர்கள் சில நாட்களில் தின்றுவிடும். கொட்டிய இடத்தருகே உயிர்கள் சாகும், நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஆனால் சதுப்புநில வேர்களில் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடக்கும் கருப்பு இருக்காது. அந்தக் கரையோர மாஹேபூர் மீனவர்கள் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு இது ஒன்றே மெத்தனாலுக்காகப் பேசப் போதுமான காரணம்.

மனிதருக்கு மட்டும் அது இரக்கமில்லாத விஷம். நிறமும் வாசனையும் சாராயத்தைப் போலவே இருக்கும். 10 மில்லி கண்பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லியிலிருந்தே உயிருக்கு ஆபத்து. உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறித்தான் கொல்கிறது. அதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதுவரை ஆள் நன்றாக இருப்பதுபோலத் தெரிவார், அதனால்தான் பலரைத் தாமதமாகக் கொண்டுவருகிறார்கள். கண்முன் பனிமூட்டம்போல வெண்மை தெரிகிறது என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்கக்கூடாது. ஃபோமெபிசோல் என்ற மாற்றுமருந்தோ எத்தனாலோ கொடுத்து, தேவைப்பட்டால் ரத்தச் சுத்திகரிப்பும் செய்வார்கள். இறக்குமதி தொடங்குவதற்கு முன்பே துறைமுகத்துக்குப் பக்கத்து மருத்துவமனையில் இந்த மருந்து இருக்க வேண்டும். தோல் வழியாகவும் உள்ளே போகும். பியூட்டில் ரப்பர் கையுறை போடுங்கள், மெல்லிய லேட்டக்ஸ் உதவாது. மாதிரி எடுக்கும் பாட்டிலாகக் குடிநீர்ப் பாட்டிலை ஒருநாளும் பயன்படுத்தக்கூடாது. ரம் காய்ச்சும் தீவில் இந்த ஒரு விதியை மீறினால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

முதலில் வாங்குபவர் யார்

நம் பக்கத்துத் தீவான ரீயூனியன் ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியக் கப்பல் எரிபொருள் விதிப்படி, 5,000 மொத்தக் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல் ரீயூனியனுக்கு வரும்போதும் அங்கிருந்து கிளம்பும்போதும் எரிக்கும் ஆற்றலில் பாதி கணக்கில் வரும். துறைமுகத்தில் நிற்கும்போது எரிப்பது முழுதும் வரும். மெகாஜூலுக்கு வெளியாகும் கார்பனில் இந்த ஆண்டுகளில் 2 சதவீதக் குறைப்பு, 2030-இல் 6, 2050-இல் 80. குறைக்கத் தவறினால், பற்றாக்குறைக்குச் சமமான ஒவ்வொரு டன் எண்ணெய்க்கும் 2,400 யூரோ அபராதம். 2033 இறுதி வரை இ-மெத்தனாலின் ஆற்றலை இரட்டிப்பாகக் கணக்கிடலாம் என்ற சலுகையும் உண்டு. போர்ட் லூயிஸுக்கும் ரீயூனியனுக்கும் மாறி மாறி ஓடும் கப்பல்கள்தான் ஆகவே நம் முதல் வாடிக்கையாளர்கள்.

அவர்கள் வாங்குவது திரவத்தோடு காகிதமும். நிரப்பும் சீட்டில் எடை, அடர்த்தி, தண்ணீர், குளோரைடு, எந்தத் தரத்தின்கீழ் சோதித்தது (கப்பல் மெத்தனாலுக்கு 2024-இல் ஐ.எஸ்.ஓ. 6583 வந்துவிட்டது), மெகாஜூலுக்கு எத்தனை கிராம், கார்பன் எங்கிருந்து, ஹைட்ரஜனுக்கு மின்சாரம் எங்கிருந்து, அந்த மின்நிலையம் புதிதாகக் கட்டியதா, சான்றளித்தவர் யார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். 2030 முதல் மின்சாரத்தை மணிக்கு மணி பொருத்திக் காட்ட வேண்டும். அதற்கு முன் மாதக் கணக்கு போதும். பச்சை மெத்தனாலும் எரிவாயு மெத்தனாலும் ஒரே டேங்கில் கலந்திருந்தால், எத்தனை டன் எதில் சேர்ந்தது, எத்தனை டன் எந்தக் கப்பலுக்குப் போனது என்ற இருப்புப் பேரேட்டை டேங்க் நடத்துபவர் முதல் நாளிலிருந்தே எழுதத் தொடங்க வேண்டும். பின்தேதியிட்டு எழுதிய பேரேட்டைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார்.